ஆள் ஏறி உக்காந்தாத்தான் அலைன்மென்ட்

கார் நேராப் போனா ஓட்டுனவரு கெட்டிக்காரரு, கோணலாப் போனா அலைன்மென்ட் பார்த்த ஆளு உதவாக்கரை. எங்க தொழில் இம்புட்டுத்தான்.

ஸ்டேரிங்கைச் செத்த நேரம் லூசா விட்டா வண்டி புளியமரத்தைப் பார்த்து ஓடுதேன்னு என்னைக்காவது பதறியிருக்கீங்களா? புதுசாப் போட்ட டயரு ஒரு பக்கம் மட்டும் மொழுமொழுன்னு தேஞ்சு போனதைத் தடவிப் பார்த்து வயிறெரிஞ்சிருக்கீங்களா? அப்ப நீங்க நம்ம ஆளு. உங்களை மாதிரி அவதிப்பட்டவங்களை நம்பித்தான் திண்டுக்கல்ல, தாடிக்கொம்பு ரோட்டுல எங்க கடை நடக்குது. என் பேரு செசிலி. கடையைப் போட்டது எங்க வீட்டுக்காரரு பாக்கியநாதன்.

அப்ப கம்ப்யூட்டரெல்லாம் ஏது? நூலுதான். பின்சக்கரத்து ஓரமா நூலைக் கட்டி, முன்சக்கரத்தைத் தாண்டி விறைப்பா இழுத்துப் பிடிச்சா, முன்சக்கரம் எம்புட்டுக் கோணிக்கிட்டு நிக்குதுன்னு நூலே சொல்லிரும். அவரு ஸ்கேலை வச்சு அளப்பாரு, ஸ்பேனரைத் திருப்புவாரு. முன்னாடி நின்னு நூலோட மறு நுனியைப் பிடிக்கிறது நான். ஆறு வருசம் பிடிச்சேன். கை லேசா ஆடுனாலும் ஏச்சு விழும்.

தொண்ணூத்து மூணுல அவரு சவுதிக்குப் போனாரு. ரெண்டு வருசம்னு போன மனுசன் எட்டு வருசம் இருந்தாரு. நடுவுல ரெண்டு தடவை லீவுல வந்து, விருந்தாளி மாதிரி இருந்துட்டுப் போனாரு. முதல்ல கிளம்புறப்பவே, "கடை பூட்டியே கிடக்கட்டும், நான் வந்து திறந்துக்கிருவேன்"னு சொன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆறு வருசமா நான் பார்த்தது வேலையே இல்லையாமே! அந்த வேலை யாரு வேலைங்கிறதுதான் எட்டு வருசமும் எனக்கும் ஊருக்கும் நடந்த வழக்கு. தீர்ப்பைக் கடைசியில சொல்றேன்.

கடைச் சாவி

அவரு பிளைட் ஏறுன பத்தாம் நாளு, அவரு குடுத்துட்டுப் போன சாவியைக் கேட்டு அவரோட அண்ணன் வீட்டுக்குப் போனேன். "எதுக்கும்மா?"ன்னாரு. கடையைத் திறக்கணும்னேன். "திறந்து?"ன்னாரு. வேலை பார்க்கணும்னேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவரு, என்னமோ நான் ரயில் ஓட்டப் போறேன்னு சொன்ன மாதிரி சிரிச்சாரு. சாவி வரலை.

திண்டுக்கல்ல இருந்துக்கிட்டு பூட்டைக் கண்டு பயப்பட முடியுமா? அடுத்த தெருவுல பட்டறை வச்சிருந்த பூட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவரு ஒரு வெத்தலையைப் போட்டு மெல்லுறதுக்குள்ள பழைய பூட்டு கழண்டு வந்துருச்சு. புதுப் பூட்டுல என் சாவி. சேலைக்கு மேல எங்க வீட்டுக்காரரோட பழைய சட்டையை மாட்டிக்கிட்டு கடையைக் கூட்டித் தள்ளுனேன். நூலோட மறு நுனியைப் பிடிக்க ஆளு வேணுமே, அதுக்குப் பழைய இரும்புக் கடையில நாலு கம்பி எடுத்து, அடியில கனமான தகடு பத்த வச்சு நிப்பாட்டிக்கிட்டேன். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு கம்பி, நடுவுல நூலு. கம்பிக்கு டீ வேணாம், கையும் நடுங்காது. சாயங்காலம் அவரோட அண்ணன் வந்து வாசல்ல நின்னு எல்லாத்தையும் ஒரு சுத்துப் பார்த்தாரு.

"பூட்டை மாத்திட்டாத் தொழில் வந்துருமாக்கும்?"

முதல் வண்டி

ஒன்பது நாளு ஈ ஓட்டுனேன். பத்தாம் நாளு ஒரு ஆமைக் காரு வந்து நின்னுச்சு. நம்ம பக்கத்துல அந்தக் காருக்கு அதுதான் பேரு. சின்ன உடம்பு, உருண்டை முதுகு, ரெண்டு முட்டைக்கண்ணு லைட்டு. கம்பெனிக்காரனே செய்யறதை விட்டுட்டான், ஆனா வாத்தியாரு, டாக்டரு, தேங்காய் வியாபாரின்னு விடாம வச்சிருந்தாங்க. உள்ள இருந்து ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு இறங்குனாரு. கடைக்குள்ள எட்டிப் பார்த்தாரு, பின்னாடி பார்த்தாரு, வண்டிக்கு அடியில நின்னு வேலை பார்க்கிற குழிக்குள்ளகூடக் குனிஞ்சு பார்த்தாரு. "ஆள் இல்லையா?"ன்னு என்னையே கேட்டாரு. "நான்தான் சார் ஆளு"ன்னேன்.

போயிருப்பாரு. ஆனா அவரு வண்டி அம்புட்டு இழுத்துச்சு, பஸ் ஸ்டாண்டு தாண்டி வாரதுக்குள்ளயே கை வலி கண்டுருச்சாம். சரி பாருன்னு ஸ்டூலைப் போட்டு உக்காந்து, பரீட்சை ஹால்ல காப்பி அடிக்கிறவனைப் பார்க்கிற மாதிரி என் கையையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. நூலைக் கட்டுனேன், அளந்தேன். முன்சக்கரம் ரெண்டும் லேசா உள்பக்கம் பார்த்து நிக்கணும், இது வெளிய பார்த்து நின்னுச்சு. ஸ்டேரிங்கையும் சக்கரத்தையும் கோக்குற டை ராடைத் திருப்பி, திரும்ப அளந்து, நட்டை முறுக்குனேன். ஓட்டிப் பார்க்கப் போனவரு தாடிக்கொம்பு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு. இறங்கி, குரலைத் தணிச்சுக்கிட்டுச் சொன்னாரு.

"சரியா இருக்கு. ஆனா யார்கிட்ட பார்த்தேன்னு நான் வெளியில சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே."

கொய்யாப்பழக் கூடை

என் தப்பையும் சொல்லணும்ல. ஆயக்குடியில இருந்து ஒரு கொய்யா வியாபாரி வருவாரு. அவருக்கும் ஆமைக் காருதான். நான் பார்த்துக் குடுத்தா கடை வாசல்ல நூல் பிடிச்ச மாதிரி ஓடும். ஒரு மாசத்துல டயரோட உள் ஓரம் தேஞ்சு திரும்பி வரும். மூணு தடவை இப்படி. மூணாந்தடவை அவரு ஒரு வார்த்தை ஏசலை, பாவமாப் பார்த்தாரு. அது ஏச்சைவிட மோசம். அன்னைக்கு வீட்டுக்குப் போய் ஆத்திரத்துல அழுதேன். எனக்குத்தான் வேலை தெரியலையோன்னு முதல் முறையா ஒரு சந்தேகம் வந்துச்சு.

மறுநாள் விடியக்காலம் பஸ் பிடிச்சு ஆயக்குடிக்கே போயிட்டேன். அவரு மார்க்கெட்டுக்குக் கிளம்புறப்பப் பார்க்கிறேன், பின்சீட்டைக் கழட்டி எறிஞ்சுட்டு ஆறு கூடை கொய்யாப்பழம், முன்னாடி அவரு, பக்கத்துல அவரைவிட ரெண்டு மடங்கு அவரு தம்பி! வண்டி வயிறு தரையைத் தொடப் பார்க்குது. முன்சக்கரம் ரெண்டும் உள்பக்கமாச் சரிஞ்சு சப்பைக்கால் போட்டு நிக்குது. நான் வெறும் வண்டியை நேராக்கி அனுப்பியிருக்கேன், அவரு வெறும் வண்டியை ஒரு நாளும் ஓட்டுனதே இல்லை. "கூடையோட, தம்பியோட, அப்படியே கடைக்கு வாங்க"ன்னேன். எல்லாரும் உக்காந்தபடியே இருக்க, பம்பரைப் பிடிச்சு நல்லாக் குலுக்கி, ஸ்பிரிங் அமுங்கி நின்னதுக்கு அப்புறம் நூலைக் கட்டி அளந்தேன். ஸ்பிரிங்குக்கு அடியில தகடு குடுத்து, சக்கரத்தை நிமித்தி, டை ராடைச் சரி பண்ணுனேன். அந்த டயரு அதுக்கப்புறம் ஒன்றரை வருசம் ஓடுச்சு. ஆனா அன்னைக்கு நான் கூடையை எல்லாம் எண்ணி எண்ணி எடம் மாத்தி வைக்கிறதைப் பார்த்துட்டு அவரு கேட்டாரு.

"ஏனுங்கம்மணி, நீங்க வண்டிக்குப் பாக்கறீங்களா, கொய்யாப்பழத்துக்குப் பாக்கறீங்களா?"

ரெண்டு மூட்டை

அன்னைக்குப் போட்டேன் சட்டம்: எப்பவும் வண்டியில யாரு எங்க உக்காருவாங்களோ, அவங்க அங்க அங்க ஏறி உக்காரணும். உக்காந்தாத்தான் நூலைத் தொடுவேன். ஊரே சிரிச்சுச்சு. "ஸ்டுடியோவுல போட்டோ பிடிக்கவா போறோம், குடும்பத்தோட போறதுக்கு?"ன்னு கேட்டாங்க. சிரிச்சவங்க டயரு தேஞ்சுச்சு, சிரிக்காதவங்க டயரு தேயலை. நான் என்னத்தைச் சொல்ல?

திண்டுக்கல் பக்கத்து ஆத்தூர்ல இருந்து சூசை அண்ணன்னு ஒரு விவசாயி. தக்காளியும் கத்தரிக்காயும் போட்டவரு. "சம்சாரம் களை எடுக்குது, வர முடியாது, அதுக்குப் பதிலா இதை வச்சுக்க"ன்னு முன்சீட்டுல ரெண்டு மூட்டை வெங்காயத்தை ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. எனக்கும் கணக்கு சரின்னு பட்டுச்சு, நூலைக் கட்டிட்டேன். பாதி வேலையில பஸ்ஸை விட்டு இறங்கி வாராங்க அந்த அம்மா, ஞானம் அக்கா. களை சீக்கிரம் முடிஞ்சுருச்சாம், டவுன்ல துணி எடுக்கலாம்னு வந்திருக்காங்க. தன் சீட்டுல மூட்டை இருக்கிறதைப் பார்த்து என்னன்னு கேட்க, சூசை அண்ணன் வெள்ளந்தியா உள்ளதைச் சொல்லிட்டாரு. அந்த அம்மா இடுப்புல கையை வச்சாங்க. எனக்கு ஸ்பேனரைக் கீழே போட்டுட்டு ஓடிரலாமான்னு இருந்துச்சு.

"ரெண்டு மூட்டையா? நான் என்ன உனக்கு ரெண்டு மூட்டையாவா தெரியுறேன்? ஒண்ணை இறக்குய்யா கீழே!"

தூக்கலா நிக்கணும்

பக்கத்துல ஒரு பெரிய மனுசரு, பேரு வேணாம். பின்னால பத்துப் பேரு நடப்பாங்க. அவரு அப்பா காலத்து ஆமைக் காரை ராசின்னு வச்சிருந்தாரு. வந்தவரு, வண்டி முன்பக்கம் நாலு விரக்கடை தூக்கலா நிக்கணும், தெருவுக்குள்ள வாரப்பவே தெரியணும்னாரு. தூக்குனா சக்கரம் சரிஞ்சுக்கும், பள்ளத்துல ஸ்டேரிங் கைக்கு அடங்காதுன்னு சொன்னேன். "உன்னை யோசனையா கேட்டேன்?"ன்னாரு. வேலையை மட்டும் பாருன்னு கூட வந்தவங்க மாத்தி மாத்திச் சத்தம் போட்டாங்க. நான் ஸ்பேனரை எடுத்து அவரு கையிலயே குடுத்துட்டேன். "நீங்களே தூக்கிக்கங்கய்யா. நான் செய்ய மாட்டேன். நாளைக்கு ஒருத்தன் மேல ஏறுச்சுன்னா செசிலி கடையில பார்த்த வண்டின்னு பேரு வரக் கூடாது"ன்னேன். கடையை இழுத்து மூடுறேன் பாருன்னு சொல்லிட்டுப் போனாரு.

வேற எங்கயோ மரக்கட்டையைக் குடுத்துத் தூக்கிட்டாங்க. ஒரு வாரம் தெருவுக்குத் தெரு தூக்கலா ஓடுச்சு. நானும் தினமும் யாராவது கடையை மூட வருவாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். வந்தது அவரு டிரைவரு மட்டும்தான். அய்யா தூங்குற நேரமாப் பார்த்து, மத்தியான வெயில்ல வந்து நின்னாரு. ஒரு வளைவுல வண்டி வாய்க்காலுக்குள்ள போகப் பார்த்துச்சாம்.

"பழையபடி இறக்கிருங்கக்கா. உசரமாத்தான் இருக்குன்னு நான் சொல்லிக்கிறேன், அவரு என்னைக்குக் குனிஞ்சு பார்த்திருக்காரு?"

பச்சைப் பேப்பரு

ரெண்டாயிரம் வாக்குல பைபாஸ் பக்கம் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் வந்துருச்சு. கண்ணாடி ரூமு, ஏ.சி., முடிச்சதும் கையில ஒரு பேப்பரு. எனக்கு "நூல்காரி"ன்னு பேரு வச்சாங்க. வச்சுக்கட்டுமே. என் நூலு கரண்டு போனாலும் வேலை செய்யும்.

ஒருநாள் பழைய ஹெட்மாஸ்டரு அந்தப் பேப்பரை நீட்டுனாரு. எல்லாக் கட்டமும் பச்சை, எல்லாம் பாஸ். "ஆனா ஸ்டேரிங் ஆடுதேம்மா"ன்னாரு. நான் நூலையே எடுக்கலை. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுனேன். டொக், டொக்னு சத்தம். சக்கரம் திரும்புற மூட்டுல இருக்கிற கிங் பின்னு தேஞ்சு கிடக்கு. ஆட்டம் இருக்கிற சக்கரத்தை எந்த மெஷின் வச்சு அளந்தாலும், நிக்கிறப்ப ஒண்ணு காட்டும், ஓடுறப்ப ஒண்ணு ஆகும். மெஷின் மேல குத்தம் இல்லை, முதல்ல சக்கரத்தை ஆட்டிப் பார்க்காத கை மேல குத்தம். புது கிங் பின்னு போட்டு, அவரை அவரு எடத்துல உக்கார வச்சு நூல் பிடிச்சேன். ஓட்டிட்டு வந்தவரு பச்சைப் பேப்பரை நாலா மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரு.

"அன்னைக்கு வெளியில சொல்லாதேன்னு சொன்னேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கிறேம்மா."

போர்டு

அந்தச் சமயத்துலதான் எங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்து லெட்டரு. ஒரேயடியா வாராராம். வந்ததும் கடையில கம்ப்யூட்டர் மெஷின் போடப் போறாராம். கடைசி வரி இதுதான்: "நீ பட்டதெல்லாம் போதும், இனிமே நிம்மதியா வீட்டைப் பார்த்துக்கிட்டு இரு." அன்பாத்தான் எழுதியிருக்காரு, எனக்குத் தெரியும். ஆனா படிச்சதும் உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. பட்டேன்னு யாரு சொன்னா? எட்டு வருசம் நான் வாழ்ந்திருக்கேன்! மனுசன் அங்க வெயில்ல கஷ்டப்பட்டாரு, இல்லைங்கலை. அதுக்கு என் கையில இருக்கிற ஸ்பேனரை ஏன் பிடுங்கணும்?

அன்னைக்கே பெயின்டரைக் கூப்பிட்டேன். கடை போர்டுல "பாக்கியநாதன் வீல் அலைன்மென்ட்"னு இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துலயே, அதே உசரத்துல, அதே சிவப்புல "செசிலி"ன்னு எழுதச் சொன்னேன். மேலயும் வேணாம், கீழயும் வேணாம், பக்கத்துல. கீழே ஒரு வரி: "ஆள் ஏறி உக்காந்தாத்தான் அலைன்மென்ட்." பெயின்டரு ஏணியில நின்னுக்கிட்டு, அண்ணன் எப்ப வாராருன்னு கேட்டாரு. சனிக்கிழமைன்னேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாரு.

"அதுக்குள்ள காயணுமேக்கா, பொறுங்க, யாரும் அழிக்க முடியாத பெயின்ட்டாவே எடுத்துட்டு வாரேன்."

மறு நுனி

வந்தாரு. போர்டைப் பார்த்தாரு. பார்க்காத மாதிரி கடைக்குள்ள போய் மெஷினுக்கு எடம் அளந்தாரு. மூணாம் நாளு மெஷின் வந்து இறங்குச்சு. எடம் வேணும்னு கடையை ஒதுங்க வச்சாரு. நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்து பார்க்கிறேன், என் நாலு கம்பியும் பழைய இரும்புக்குப் போயிருச்சு. எட்டு வருசம் என் கூட நின்ன கம்பி! நூலு உருண்டை மட்டும் ஆணியில தொங்குச்சு. வாயைத் திறந்தா அழுதிருவேன், அழுதா அவரு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கன்னு சொல்லிருவாரு.

மெஷினுக்கு முதல் வண்டி சூசை அண்ணனோட ஆமைக் காரு. ஞானம் அக்கா இறங்கி ஓரமா நின்னாங்க, சூசை அண்ணனும் இறங்கிட்டாரு. வெறும் வண்டியோட சக்கரத்துல மெஷின் லைட்டை மாட்டி, பொத்தானைத் தட்டி, திரையில பச்சை வந்ததும் இவரு என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சாரு. புருசனும் பொண்டாட்டியும் ஏறிப் போனாங்க. பத்து நிமிசத்துல திரும்பி வந்துட்டாங்க. "லெப்டுக்கு இழுக்குதுய்யா"ன்னாரு சூசை அண்ணன். "மெஷின் சரின்னு சொல்லுதே"ன்னாரு இவரு. "அப்ப மெஷினையே ஆத்தூருக்கு ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லு"ன்னாங்க ஞானம் அக்கா, சீட்டை விட்டு இறங்காமலே. அப்புறம் என்னைப் பார்த்து, "நான் உக்காந்துட்டேன் தாயி, நீ நூலை எடு"ன்னாங்க.

நான் பம்பரைக் குலுக்கி, பின்சக்கரத்து ஓரமா நூலைக் கட்டுனேன். முன்னாடி நிப்பாட்டக் கம்பி இல்லை. மறு நுனியை எங்க வீட்டுக்காரருகிட்ட நீட்டுனேன். "பிடிங்க. கம்பியை வித்தது நீங்கதான"ன்னேன். கஸ்டமரு பார்த்துக்கிட்டு இருக்காங்க, வேற வழியில்லாமக் குத்துக்கால் போட்டு உக்காந்து பிடிச்சாரு. ஆடாதீங்கன்னேன். மூச்சு விடாதீங்க, நூல் அசையுதுன்னேன். இறக்காதீங்க, ஏத்தாதீங்கன்னேன். அவரு என்கிட்டச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் வரிசையா என் வாயில வந்துச்சு, நானா நினைச்சுச் சொல்லலை. ஒரு பக்கம் முடிச்சு, மறு பக்கம் முடிச்சு, திரும்ப முதல் பக்கம். அரை மணி நேரம். காரு ஆத்தூர் ரோட்டுல நேராப் போயி மறைஞ்சுச்சு. இவரு எந்திரிக்க முடியாம முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, தரையிலயே உக்காந்து கையை உதறுனாரு. மெஷினைப் பார்த்தாரு, போர்டைப் பார்த்தாரு, அப்புறம் என்னைப் பார்த்தாரு.

"ஏ செசிலி, ஆறு வருசமும் இப்படியா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்ன?"

ஆமா, நின்னேன்; அதுக்கப்புறம் மெஷினும் ஓடுது, நூலும் ஓடுது, ஆனா எதை வச்சு அளந்தாலும் ஆளை ஏத்தி உக்கார வைக்கிறது நானு, மறு நுனியைப் பிடிக்கிறது அவரு.